இணையத்துக்கும் உண்டு கடைமடை

காவிரிப் படுகையில் ‘கடைமடை’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, கடைசியாக எந்த வயலை எட்டுகிறதோ அதுவே கடைமடை. வழியில் எங்கே கரை உடைந்தாலும், எந்த மதகு அடைபட்டாலும் முதலில் காய்வது அந்த வயல்தான். இன்று கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழை வடமும் ஏறக்குறைய அதே முறையில்தான் பயணம் செய்கிறது: மாவட்டத் தலைநகரிலிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு, ஊராட்சியிலிருந்து தெருவுக்கு. அந்த வடத்தைக் கம்பத்தில் கட்டுவதா, மண்ணுக்குள் புதைப்பதா என்பது பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய சங்கதியாகவே இதுவரை கருதப்பட்டுவருகிறது. டெல்டாவில் அப்படி விட்டுவிட முடியாது என்பது என் கருத்து. இங்கே காற்றும் நீரும் நெல்லும் சேர்ந்துதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம், 2015இல் ‘பாரத்நெட்’ எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தைச் செயல்படுத்த, மாநில அரசின் சார்பில் ‘டான்ஃபிநெட்’ நிறுவனம் 2018இல் உருவாக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் இணைப்பது இலக்கு. மதிப்பீடு ஏறத்தாழ ரூ.1,815 கோடி. இதில் வடத்தின் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும், 15 விழுக்காடு தரைக்கு அடியிலும் செல்லும் என்று அரசு அறிவித்தது. மாநிலம் முழுமைக்கும் வகுத்த விகிதம் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் ஏறத்தாழ 1,450 ஊராட்சிகளுக்கும் அதே விகிதம் பொருந்துமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இது நகரத்து இளைஞர்களின் பொழுதுபோக்குக்கான கேள்வி என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்குவதற்கு முன்பே விவசாயி இணையத்தில் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை பதிந்தால்தான் அரிசி. பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, நூறு நாள் வேலைக்கான வருகைப் பதிவு என எல்லாமே இணையத்தை நம்பியிருக்கின்றன. கைபேசிக் கோபுரம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால், கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வருவது மட்டுமே வானலை. பல கோபுரங்களுக்குத் தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பதும் கண்ணாடி இழை வடம்தான். அது அறுந்தால் கோபுரம் வெறும் இரும்புக் கூடு.

கம்பத்தின் வசதி

கம்பவழி வடத்தைக் குறைசொல்வதற்கு முன் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகமே இல்லாமல், தன் எடையைத் தானே தாங்கும் வகையில் தயாரிக்கப்படும் வடத்தை மின்கம்பத்திலேயே கட்டலாம். கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. குழி தோண்ட வேண்டியதில்லை. சாலையை உடைத்துப் பிறகு ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கவ்வியைப் பொருத்தி, வடத்தை இழுத்து, வெயிலில் விரிவதற்கும் காற்றில் ஆடுவதற்கும் இடம்கொடுத்து ஓரளவு தொய்வு விட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. அறுந்தாலும் எங்கே அறுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு வடத்தைப் புதைக்க ஆகும் செலவில் பெரும்பகுதி வடத்துக்கானது அல்ல. மண்ணைத் தோண்டி மூடுவதற்கானது. அந்தச் செலவு கம்பவழியில் இல்லை. அனைத்து ஊராட்சிகளுக்கும் தரைவழிதான் என்று முடிவெடுத்திருந்தால், பல ஊர்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்திருக்கும். ஆகவே, 85 விழுக்காடு என்ற முடிவைச் சோம்பலின் விளைவு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், கம்பத்தில் இடம் எவ்வளவு இருக்கிறது? தெருக்களில் நிற்கும் தாழ்வழுத்த சிமெண்ட் கம்பம் ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம் கொண்டது. அதில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். உச்சியில் மின்கம்பிகள், அவற்றுக்குக் கீழே பாதுகாப்பு இடைவெளி, அதற்கும் கீழே கேபிள் டி.வி. வடம், தனியார் இணைய வடங்கள், தெருவிளக்கு. மிச்சமிருக்கும் உயரத்தில்தான் புதிய வடம் சாலையைக் கடக்க வேண்டும். சமவெளிச் சாலையில் இது சமாளிக்கக்கூடியது. டெல்டாவில் தை, மாசி மாதங்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் ஏற்றிய லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். அவற்றின் உயரம் ஓட்டுநருக்கே சரியாகத் தெரியாது. அறுவடை இயந்திரங்கள் கிராமத் தெருக்கள் வழியாகத்தான் வயலுக்குள் இறங்குகின்றன. தொய்ந்து கிடக்கும் வடம் அறுவதற்குப் புயல் வர வேண்டும் என்பதில்லை.

கம்பத்தின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் நீர் தேங்கி நிற்கும் வயலோரத்துக் களிமண் பிடிமானம் இல்லாதது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் நோக்கியோ, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி நோக்கியோ பயணம் செய்பவர்கள், வயல் நடுவே ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கும் கம்பங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் பாதையில் செல்லும் ஒவ்வொரு முறையும் நான் எண்ணிக்கொள்வது ஒன்றுதான்: மின்சாரத்தையே தடுமாறிக்கொண்டு சுமக்கும் இந்தக் கம்பங்களின் தோளில் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறோம்.

கஜா கற்றுக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ‘கஜா’ புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. கடற்கரையோடு வலுவிழக்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை அது உள்ளே நுழைந்து, புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கிச் சென்றது. லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்ட காட்சியை டெல்டா மக்கள் மறக்கவில்லை.

அந்தக் கம்பங்களில் இன்றுள்ளதுபோல ஊராட்சிக்கு ஊராட்சி கண்ணாடி இழை வடமும் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மின்சாரமும் தகவல்தொடர்பும் ஒரே விநாடியில் ஒரே கம்பத்தோடு விழுந்திருக்கும். இதில்தான் கம்பவழி முறையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பேரிடர்க் காலத்தில் ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரை வைத்தாவது ஊராட்சி அலுவலகத்திலிருந்து ‘எங்களுக்கு இது வேண்டும்’ என்று சொல்ல முடிய வேண்டும். இரண்டையும் ஒரே தூணில் கட்டிவைத்தால் அந்த வாய்ப்பு இல்லை. அதோடு, சாய்ந்த கம்பத்தை நட்டு மின்சாரம் கொடுக்கும்வரை இணைய வடத்தைக் கட்டுபவர் காத்திருக்க வேண்டும். சீரமைப்பு வரிசையில் இணையம் எப்போதும் கடைசி. அந்த வரிசையிலும் கடைசியாக நிற்பது கடைமடைக் கிராமம்.

கஜா ஏதோ ஒருமுறை நிகழ்ந்த விபத்து என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதப் புயல்களை இந்தக் கடற்கரையின் முதியவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்குக்கான அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 2008இல் ‘நிஷா’ காற்றால் அடித்ததைவிட வெள்ளத்தால் அடித்தது. வங்கக் கடலின் இயல்பு இது. 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலுக்குப் பிறகு, உலக வங்கி உதவியுடன் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோர நகரங்களில் மின்கம்பிகளைப் புதைவடமாக மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. மின்சாரத்துக்குப் பொருந்தும் அந்த நியாயம் தகவல்தொடர்புக்கு ஏன் பொருந்தாது?

கம்பிகள் தலைக்கு மேல் செல்லும்போது உயிருக்கும் ஒரு விலை இருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். அது இணைய வடத்தால் நேர்ந்த விபத்து அல்ல. ஆனால், தேர் ஓடாத வீதியே அரிதாக உள்ள ஒரு நிலத்தில், வீதியின் குறுக்கே மேலும் மேலும் வடங்களை இழுத்துக்கொண்டே போகும் பழக்கத்தைப் பற்றி அந்த விபத்து எச்சரிக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் நகர்வதற்கு முன் வீதிகளில் தடையாக உள்ளவற்றை அகற்றுவது ஒரு பெரும் வேலை. பெரிய கோயிலுக்கு அந்தக் கவனம் கிடைத்துவிடுகிறது. சிற்றூரின் சப்பரத்துக்கு, நீளமான மூங்கிலின் நுனியில் கவையைக் கட்டிக் கம்பியை உயர்த்திப் பிடிக்கும் இளைஞர்தான் பாதுகாப்பு. அவர் உயர்த்துவது மின்கம்பியா, இணைய வடமா என்று இரவு வெளிச்சத்தில் பிரித்தறிவது எளிதல்ல.

மண்ணுக்கும் குணம் உண்டு

அப்படியானால் எல்லாவற்றையும் புதைத்துவிடலாமா? அவ்வளவு எளிதாக முடிவதில்லை. முறையாகப் புதைப்பது எப்படி என்று முதலில் பார்ப்போம். இயல்பான மண்ணில் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டின் தொலைத்தொடர்புத் துறை நீண்ட காலமாகப் பின்பற்றும் அளவு. அந்த ஆழத்தில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் குழாயைப் பதிக்க வேண்டும். அதன்மேல் சிறிது மண்ணைப் போட்டு, ‘கீழே வடம் இருக்கிறது’ என்று எச்சரிக்கும் நாடாவை விரித்து, மீதியை அடுக்கடுக்காக நீர்விட்டு இறுக்கி மூட வேண்டும். பிறகு காற்றழுத்தக் கருவியால் குழாய்க்குள் வடத்தை ஊதிச் செலுத்துவார்கள். ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வடம் ஓடும். வடங்கள் சேருமிடத்தில் இழைகளை உருக்கி ஒட்டி, நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, அதை ஒரு சிறு தொட்டியில் இறக்கி மூட வேண்டும். சாலையையோ ஆற்றையோ கடக்குமிடத்தில், மேற்பரப்பை உடைக்காமல் ஒரு கரையில் நுழைந்து அடியாழத்தில் சென்று மறுகரையில் வெளிவரும் கிடைமட்டத் துளையிடும் இயந்திரம் உண்டு. இவை எல்லாம் சரியாக நடந்தால், புயல் மேலே வீசும்போது வடம் கீழே உறங்கும்.

சரியாக நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1840களின் இறுதியில் வெர்னர் சீமென்ஸ், பெர்லினிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை தந்திக் கம்பியைப் பெரும்பகுதி மண்ணுக்குள் பதித்தார். அந்நாளில் அது பெரும் சாதனை. ஆனால், ஆழம் போதவில்லை, மேலுறையும் உறுதியாக இல்லை, எலிகளும் விட்டுவைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பிரஷ்யாவின் புதைவழித் தந்திகள் பழுதாகி, அரசு மீண்டும் கம்பத்துக்குத் திரும்பியது. புதைப்பது தவறு என்று அன்று பலர் முடிவுகட்டினார்கள். உண்மையில் தவறு, மேலோட்டமாகப் புதைத்ததில் இருந்தது. 165 சென்டிமீட்டர் என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் முழங்கால் ஆழத்தோடு மூடிவிடும் வேலைக்கு இன்றும் அதே கதிதான் நேரும்.

டெல்டாவின் மண் இந்தச் சோதனையை மேலும் கடினமாக்குகிறது. இங்குள்ள களிமண் நீரில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த அசைவு குழாயின் இணைப்புகளை இழுத்துக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் மாதங்களில் இணைப்புப் பெட்டி நீரில் மூழ்கிக் கிடக்கும்; அதன் அடைப்பில் சிறு பிசகு இருந்தாலும் நீர் உள்ளே புகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறும் வாய்க்காலும் இல்லாமல் இங்கே இரண்டு கிலோமீட்டர் செல்வதே கடினம். ஒவ்வொரு கடப்பும் ஒரு பலவீனமான இடம்.

வாய்க்கால் கரையில் குழி எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் இடமில்லாதபோது ஒப்பந்ததாரரின் கண் கரையின் மீது விழும். அது புறம்போக்கு, கேட்பதற்கு ஆள் இல்லை, மண்ணும் மென்மை. ஆனால், நண்டு வளை ஒன்று போதும் கரை உடைப்பெடுப்பதற்கு என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். இறுக்கி மூடாத நீளமான குழி, கரைக்குள் நீர் தனக்கென்று வழி தேடிக்கொள்வதற்கு நாமே வெட்டிக்கொடுக்கும் வாய்க்கால். நிரம்பிய ஆற்றில் நள்ளிரவில் உடைப்பெடுத்தால் மூழ்குவது நூற்றுக்கணக்கான ஏக்கர் சம்பா. அந்த இழப்புக்கு எந்த இணைய நிறுவனமும் பொறுப்பேற்காது.

இயந்திரமும் நாட்காட்டியும்

புதைத்த வடத்தின் முதன்மையான எதிரி புயலோ எலியோ அல்ல, பொக்லைன் இயந்திரம். டெல்டாவில் அதற்கென்று ஒரு பருவமே இருக்கிறது. மரபுப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. திறப்புக்கு முந்தைய வாரங்களில் ஆறுகள், வாய்க்கால்கள், வடிகால்கள் அனைத்திலும் தூர்வாரும் பணி விரைந்து நடக்கும். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒரே நேரத்தில் மண்ணை அள்ளும். ஓட்டுநரின் கையில் வாய்க்காலின் அளவு இருக்கும். அதன் அடியில் எந்த வடம் எந்த ஆழத்தில் குறுக்கிடுகிறது என்ற வரைபடம் இருக்காது. இதே கோடையில்தான் சாலை அகலப்படுத்தும் வேலையும் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையும் நடக்கின்றன. ஒருவர் மூடியதை மற்றவர் திறக்கிறார்.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. தோண்டுவதற்கு முன் தகவல் தெரிவித்து, அடியில் உள்ளவற்றின் உரிமையாளர்களை அறிந்துகொள்வதற்கான செயலி ஒன்றை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. நோக்கம் சரியானது. ஆனால், புதைத்தவர் துல்லியமான வரைபடத்தைப் பதிவேற்றியிருக்க வேண்டும். தோண்டுபவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். தூர்வாரும் ஒப்பந்தத்தில் இரண்டாவது நிபந்தனையும், வடம் பதிக்கும் ஒப்பந்தத்தில் முதலாவது நிபந்தனையும் பணம் வழங்குவதற்கான முன்தேவையாகச் சேர்க்கப்படாதவரை, செயலி கைபேசியில் ஓர் அலங்காரமாகவே இருக்கும்.

புதைப்பதற்கான காலமும் இங்கே நெல்லின் கையில்தான் இருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று ஜூன் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நிலம் நீரோடு இருக்கிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் வந்துபோகிறது. அறுவடைக்குப் பின் பல வயல்களில் உளுந்தும் பயறும் நிற்கும். ஆக, மண்ணை முறையாகத் தோண்டி முறையாக இறுக்கி மூடுவதற்கு மாசியிலிருந்து வைகாசி வரையிலான சில மாதங்களே உண்டு. ஆண்டு முழுவதும் சம அளவில் வேலை நடக்கும் என்று கணக்கிட்டு ஒப்பந்தக் காலத்தை நிர்ணயித்தால், ஐப்பசிச் சேற்றில் குழி வெட்டி அவசரமாக மூடும் வேலைதான் மிஞ்சும்.

நிலத்தின் நம்பிக்கை

மண்ணுக்குள் எதையாவது பதிக்கிறோம் என்றால் டெல்டா விவசாயி ஏன் தயங்குகிறார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜூன் இறுதியில் கும்பகோணம் அருகே கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததும், அதைத் தொடர்ந்து எழுந்த போராட்டமும் இந்தப் பகுதியின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்ததற்குப் பின்னால் அத்தகைய போராட்டங்களின் அழுத்தம் இருந்தது. கண்ணாடி இழை வடத்தில் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. கசிவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால், அடையாளம் இல்லாத ஒரு வாகனம் வந்து நின்று வயலோரத்தில் துளையிடத் தொடங்கினால், அது எதற்கான துளை என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்?

சட்டம் நிறுவனங்களுக்குச் சாதகமாகவே நகர்ந்துவந்திருக்கிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 2016இல் வழியுரிமை விதிகள் வந்தன. அதன் இடத்தைப் பிடித்திருக்கும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழியுரிமை விதிகளும், அரசு நிலத்தில் வடம் பதிப்பதற்கான அனுமதியைக் காலக்கெடுவுக்குள் வழங்க வேண்டும் என்கின்றன. தனியார் நிலமானால் உரிமையாளரோடு உடன்பாடு காண வேண்டும். உடன்பாடு ஏற்படாதபோது பொதுநலன் கருதி வழியுரிமையைப் பெற்றுத்தரும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த நேராமல் பார்த்துக்கொள்வதே நிர்வாகத்தின் திறமை. பாதையின் வரைபடம் கிராம சபையில் தமிழில் வைக்கப்பட்டு, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், யார் பொறுப்பில் என்று விளக்கப்பட்டால் எதிர்ப்பின் பெரும்பகுதி எழாமலே போகும். எந்த இடத்தில் எந்த மாதம் தோண்டக் கூடாது என்று சொல்லும் அறிவும் அந்தச் சபையில்தான் இருக்கிறது.

எங்கே எது

என்னைப் பொறுத்தவரை, கம்பமா மண்ணா என்று மாநிலத்துக்கு ஒரே விகிதம் வகுப்பதைக் கைவிட்டு, நீளத்துக்கு நீளம் முடிவெடுப்பதே டெல்டாவுக்கு ஏற்றது. ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக் குழுக்களுக்குச் செல்லும் முதன்மை வடம் முழு ஆழத்தில் புதைக்கப்பட வேண்டும். அதிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் பிரியும் கடைசித் துண்டு கம்பத்தில் செல்லலாம். அறுந்தால் அரைநாளில் கட்டிவிட முடியும், பாதிக்கப்படுவதும் ஒரு தெருதான். வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எனக் கடலை ஒட்டியும், பட்டுக்கோட்டை, பேராவூரணி எனத் தென்னை அடர்ந்தும் உள்ள பகுதிகளில் ஊராட்சி அலுவலகம், ஆரம்பச் சுகாதார நிலையம், புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றுக்கான கடைசித் துண்டும் மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். வாய்க்கால் கரை நெடுகக் குழி எடுப்பதற்கு அனுமதியே கூடாது. கடக்க வேண்டிய இடத்தில், தூர்வாரும் ஆழத்துக்கும் கீழே துளையிட்டுக் கடக்கட்டும். பாலம் இருந்தால் அதன் பக்கவாட்டில் இரும்புக் குழாயில் செல்லட்டும். இரு கரையிலும் கல் நட்டு எழுதிவைக்கட்டும்.

இதைவிட முக்கியமானது வடத்தின் வடிவம். தொடக்கத்தில் பாரத்நெட் பெரும்பாலும் கிளைவிட்டுச் செல்லும் நேர்க்கோட்டு அமைப்பாகவே பரவியது. ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் இருளும். கடைமடை என்று நான் சொன்னது இதைத்தான். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ரூ.1,39,579 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டம், வளைய அமைப்புக்கு மாற வேண்டும் என்கிறது. வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாகத் தகவல் வந்துசேரும். காவிரி நீருக்கு அந்த வசதி இல்லை. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே ஓடும். ஒளிக்கு மேடு பள்ளம் கிடையாது. இணையத்தில் கடைமடையே இல்லாமல் செய்வது தொழில்நுட்பத்தால் இயலக்கூடியது. ஆனால், வளையத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே சாலையின் ஒரே கம்ப வரிசையில் சென்றால் அது காகிதத்தில் மட்டுமே வளையம். ஒரு பக்கம் மண்ணுக்குள் சென்று, மறுபக்கம் வேறு சாலையில் கம்பத்தில் சென்றால்கூட, கஜா போன்ற ஓர் இரவில் ஏதேனும் ஒன்று பிழைத்திருக்கும்.

செலவு கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல்நாள் செலவை மட்டும் பார்த்தால் கம்பவழிதான் எப்போதும் வெல்லும். பத்தாண்டுகளில் எத்தனை முறை அறுந்தது, எத்தனை நாள் இணைப்பு இல்லை, ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எவ்வளவு வடம் புதிதாக வாங்கப்பட்டது என்பதையும் அதே கணக்கில் எழுதினால் விடை மாறக்கூடும். அந்தக் கணக்கை ஊராட்சி வாரியாகப் பொதுவெளியில் வைப்பது டான்ஃபிநெட்டின் கடமை. ‘இணைக்கப்பட்ட ஊராட்சிகள்’ என்ற எண்ணிக்கை திறப்பு விழாவுக்குப் போதும். ‘இந்த மாதம் எத்தனை நாள் இணைப்பு இருந்தது’ என்ற எண்ணிக்கையே விவசாயிக்குத் தேவை. அந்த எண்ணிக்கை தெரிந்தால், எந்த நீளத்தைக் கம்பத்திலிருந்து மண்ணுக்கு இறக்க வேண்டும் என்று யாரும் வாதிட வேண்டியிருக்காது.

மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் தூர்வாரும் பணிக்கான கூட்டத்தை நடத்துகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டத்தையும் நடத்துகிறார்கள். முதல் கூட்டத்தில் வடம் பதித்தவர்கள் வரைபடத்தோடு உட்கார வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் எந்தெந்த ஊராட்சிகளின் இணைப்பு இன்னும் ஒற்றைக் கம்ப வரிசையை நம்பியிருக்கிறது என்ற பட்டியல் படிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய துறையோ தேவையில்லை. அடுத்த புயலுக்குப் பெயர் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. அது வரும் நாள் மட்டுமே நமக்குத் தெரியாது.